உள்ளங்கை ருசி

ஜூலை 6, ஞாயிறு

இந்த நோட்டு ஷர்மிளா பானு கொடுத்தது. ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு முறை சொல்லிக்கொடுக்கும் பெண். இருபத்தாறு வயது இருந்தால் அதிகம். “வாய்க்குள்ள என்ன போனாலும் இதுல எழுதணும்க்கா. தண்ணியா இருந்தாலும் சரி, மாத்திரையா இருந்தாலும் சரி” என்றாள். நேரம், என்ன, எவ்வளவு என்று அவளே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறாள். எனக்கே கோடா? பத்தொன்பது வருஷமாக அரசுப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர் நான். நான் போடாத கோடா, எழுதாத பதிவேடா!

முன்பக்கம் அவளுக்கு. நோட்டைத் திருப்பிப் பின்னாலிருந்து எழுதுவது எனக்கு. யாரிடமும் சொல்ல முடியாததை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டியிருக்கிறது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் இந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிடுவேன்.

22ஆம் தேதி செவ்வாய்க்கிழமை, என் இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுக்கப் போகிறார்கள். வாழைக்காய் பருமனுக்கு ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பார்களாம். எடை நூற்றுப் பதினெட்டு. சர்க்கரை இருக்கிறது, முழங்கால் போய்விட்டது. அதெல்லாம்கூடப் பரவாயில்லை. தூங்கும்போது எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறதாம். உடம்பெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்கவைத்துப் பார்த்து, ஒரு மணி நேரத்தில் நாற்பது தடவை நிற்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். “இப்படியே விட்டா, ஒரு நாள் தூக்கத்துலயே...” என்று பெரிய டாக்டர் பாதியில் நிறுத்தினார். என் வீட்டுக்காரர் முகம் அப்படியே வெளுத்துப்போனது. கரண்டுக் கம்பத்தில் ஏறப் பயப்படாத மனுஷன்.

நாளை மறுநாளிலிருந்து பதினான்கு நாள் வெறும் தண்ணி ஆகாரம். அதனால் இன்றைக்குக் கறிதோசை, எலும்புக் குழம்பு, சுக்கா, சாயங்காலம் ஜிகர்தண்டா. அவர்தான் டவுனுக்குப் போய் வாங்கி வந்தார். “வேற என்ன ராணி வேணும்? சொல்லு, வாங்கிட்டு வர்றேன்” என்று கேட்டுக் கேட்டு வைத்தார். தூக்குப் போடுவதற்கு முன்னால் இப்படித்தான் கேட்பார்களாமே என்று நினைத்தேன். நினைத்த பிறகு ஜிகர்தண்டா இறங்கவில்லை. ஆனாலும் குடித்து முடித்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

முதல் நாள். காலை புரோட்டீன் மாவு கரைத்த தண்ணி. சுண்ணாம்புக்கு வாசனைத் தைலம் ஊற்றியதுபோல இருந்தது. பதினொரு மணிக்கு மோர். மதியம் காய் வேகவைத்த தண்ணி. சாயங்காலம் இளநீர். எல்லாம் முன்பக்கத்தில் ஒழுங்காக எழுதியாயிற்று.

பள்ளிக்கூடத்தில் நூற்று நாற்பது பிள்ளைகளுக்குக் கொண்டைக்கடலைப் புலாவும் முட்டையும். பிள்ளைகள் சாப்பிடும் முன் அமைப்பாளர் ருசி பார்த்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஏதாவது கெட்டுப்போயிருந்தால் முதலில் என் வயிற்றுக்குத்தான் வர வேண்டும் என்பதுதான் அந்த முறை. கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு, ஒரு உறிஞ்சு. அவ்வளவுதான். பேச்சி அக்கா, எங்கள் சமையல்காரம்மா, கரண்டியை நீட்டிக்கொண்டே என்னைப் பார்த்தது.

“டீச்சர், டாக்டரு ஒன்னும் திங்கக் கூடாதுன்னாகல்ல?”

“ருசி பாக்குறது சாப்பாடாக்கா? கவர்மெண்டு வேலை அது” என்றேன்.

முன்பக்கத்தில் அதை எழுதவில்லை. ருசி பார்ப்பதை யாராவது எழுதுவார்களா?

ஜூலை 9, புதன்

பசி. பசி. பசி.

ஜூலை 11, வெள்ளி

தலைவலி, எரிச்சல். மகள் இலக்கியா தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சிப்ஸ் தின்றாள். அந்தப் பாக்கெட்டைப் பிரிக்கும் சத்தம் எனக்குக் கொல்லையிலிருந்தே கேட்டது. போய்க் கதவைத் தட்டி, “எனக்குத் தெரியாமத் திங்கிறதா நினைப்பா?” என்று கத்திவிட்டேன். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. அழுதுவிட்டது. அப்புறம் நானும் அழுதேன். “உன் முன்னாடி சாப்பிட்டா உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதாம்மா உள்ள வந்து தின்னேன்” என்றாள். சை, நான் ஒரு மனுஷியா?

கல்லீரல் கொழுத்து வீங்கிக் கிடக்கிறதாம். இந்தப் பதினான்கு நாள் பட்டினியில் அது சுருங்கினால்தான் கருவியை உள்ளே விட முடியுமாம். சுருங்காவிட்டால் வயிற்றை நீளமாகக் கிழிக்க வேண்டும், இல்லையென்றால் அப்படியே மூடித் திருப்பி அனுப்ப வேண்டும். இதை ஷர்மிளா போனில் சிரித்துக்கொண்டே சொல்கிறாள்.

ஜூலை 13, ஞாயிறு

ஜெகதா மதினி வந்திருந்தார்கள். என் வீட்டுக்காரரின் அக்கா. செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்கள்.

“ஏன்டா சோலைமலை, ஆடி பொறக்கப்போகுது. ஆடி மாசத்துல எவனாச்சும் ஒடம்புல கத்தி வைப்பானா? நெல்லுச் சோத்தை விட்டுட்டு நாலு மாசம் கேப்பக்கூழு குடிச்சா இளைச்சுட்டுப் போறா.”

“யானைப் பசிக்குச் சோளப்பொரியா மதினி?” என்றேன். சிரித்துப் பேச்சை மாற்றலாம் என்று பார்த்தேன். விடவில்லை.

“சிரிக்காத ராணி. ஒங்க குடும்பத்துக்கு மயக்க ஊசி ஆகாதுத்தா. ஒன் தங்கச்சிய நினைச்சுப் பாரு. ஆஸ்பத்திரிக்கு நடந்து போன புள்ள.”

எனக்கு வந்த கோபத்தில் மோர் டம்ளரைச் சிங்க்கில் போட்டேன். சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

செண்பகம். பதினெட்டு வயதில் குடல்வால் ஆபரேஷனுக்குப் போனாள். திரும்பி வரவில்லை. மயக்க ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். அம்மா சாகும்வரை அதையேதான் சொன்னாள். இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. இதற்கு மேல் இதில் எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 14, திங்கள்

மனநல டாக்டரைப் பார்த்துக் கையெழுத்து வாங்கினால்தான் ஆபரேஷன். எனக்கு என்ன பைத்தியமா என்று நினைத்துக்கொண்டே போனேன். நல்ல மனுஷர், வயதானவர். “எப்ப இருந்தும்மா எடை ஏற ஆரம்பிச்சது?” என்றார்.

“பிரசவத்துக்கு அப்புறம் சார். எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதான்.”

வீட்டுக்கு வந்து பீரோவில் பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். அழகர் திருவிழாவில் ஸ்டுடியோவில் எடுத்த படம்: நானும் செண்பகமும். இரண்டு பேரும் ஓட்டடைக் கம்பு. அப்போது என் எடை நாற்பத்தாறு. அடுத்தது கல்யாணப் படம், இரண்டு வருஷம் கழித்து எடுத்தது. ரவிக்கையை இரண்டு தடவை பிரித்துத் தைத்தும் கை பிடித்துக்கொண்டிருக்கிறது. இலக்கியா பிறந்தது அதற்கும் மூன்று வருஷம் கழித்து.

தைராய்டாக இருந்திருக்கும். அப்போது யார் டெஸ்ட் எடுத்தார்கள்?

ஜூலை 16, புதன்

இன்று எடை பார்த்தார்கள். எட்டு நாளில் ஒன்றரைக் கிலோ. மூன்றரையாவது இறங்கியிருக்க வேண்டுமாம். ஷர்மிளா என் நோட்டை வாங்கி முன்பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பின்பக்கம் திருப்பிவிடுவாளோ என்று அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அக்கா, இதுல எழுதுனது மட்டும்தான் உள்ள போயிருக்கா?”

“பொய்யா எழுதுவாங்க?” என்று எகிறினேன். அவள் நோட்டை மூடி மெதுவாக என் கையில் கொடுத்தாள். அதுதான் கஷ்டமாக இருந்தது.

நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சமையல்கூடத்தில் உட்கார்ந்து பேச்சி அக்காவிடம் புலம்பினேன். பேச்சி அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னது: “கோவிச்சுக்காதீக டீச்சர். நீங்க சோத்துல ஒரு தரம், கொழம்புல ரெண்டு தரம், அப்புறம் உப்புப் போட்டு மறுக்கா ஒரு தரம், முட்டை வெந்துருச்சான்னு ஒன்னப் பிச்சு... நீங்க பாக்குற ருசியில ஒரு புள்ளைக்கு எலை போட்டுரலாம்.”

எனக்குச் சுருக்கென்றது. பத்தொன்பது வருஷமாகப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது, இன்றைக்குத்தான் வாயைத் திறக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு, “நாளையிலருந்து நீயே பாத்துச் சொல்லுக்கா” என்றேன். கோபத்தில்தான் சொன்னேன். ருசி பார்ப்பது சாப்பாடு என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை.

ஜூலை 18, வெள்ளி

நேற்று ஆடி பிறந்தது. நேற்றிலிருந்து எனக்கு லீவு.

ஷர்மிளா ஒரு தாள் கொடுத்தாள். என்னென்ன கொண்டுவர வேண்டும், நகை போடக் கூடாது, நகப்பூச்சு கூடாது, முதல் நாள் ராத்திரி சிவப்பு சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். கடைசி வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். நள்ளிரவுக்குப் பிறகு எதுவும் சாப்பிடக் கூடாது, தண்ணீர்கூடக் கூடாது.

“இது எதுக்கும்மா?” என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

“மயக்கம் குடுத்ததும் ஒடம்பு மொத்தமும் தளர்ந்துரும்க்கா. வயித்துல எதாச்சும் இருந்தா மேல ஏறி வந்து நுரையீரலுக்குள்ள போயிரும். மூச்சு அடைச்சுக்கும்.”

“ஒரு வாய் சாப்பிட்டாலுமா?”

“ஒரு வாய் சாப்பிட்டாலும் சொல்லிரணும். சொன்னா என்ன, ஆபரேசனைத் தள்ளி வப்பாங்க, அவ்வளவுதான். சொல்லாம படுத்தாத்தான் ஆபத்து.”

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் எனக்கு வேர்த்து ஊற்றியது. பக்கத்தில் இருந்த அம்மாள் ஜன்னலை நன்றாகத் திறந்துவிட்டது. “குண்டானவுகளுக்கு வேர்க்கத்தான் செய்யும்” என்று வேறு சொன்னது.

இன்று எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 19, சனி

மூச்சுப் பயிற்சிக்குக் கொடுத்த டப்பாவில் மூன்று பந்தும் இன்றைக்கு மேலே போனது. எடை நூற்றுப் பதினான்கு. வீட்டுக்காரர் கை தட்டினார். எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

பயமாக இருக்கிறது. யாரிடம் சொல்ல? அவரிடம் சொன்னால் அவர் என்னைவிடப் பயப்படுவார்.

அதற்குப் பதில் வேலை செய்தேன். அஞ்சறைப்பெட்டியைக் கழுவிக் காயவைத்தேன். டப்பாக்களின் மேல் தாள் ஒட்டி, துவரை, பாசி, உளுந்து என்று எழுதினேன். இலக்கியாவின் சான்றிதழ்கள் இருக்கும் ஃபைலை எடுத்து வெளியே வைத்தேன். “எதுக்கும்மா இதெல்லாம் இப்ப?” என்றாள். “ஒரு வாரம் ஆஸ்பத்திரியில கெடப்பேன்ல, அதுக்குத்தான்” என்றேன். அவள் போகாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

அவர் சாம்பார் வைக்கக் கற்றுக்கொள்கிறார். நான் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, வயர் இணைக்கிற மாதிரி அவ்வளவு கவனமாகச் செய்கிறார். பருப்பைக் கருக்கிவிட்டார். இரண்டாவது தடவை பரவாயில்லை.

உட்கார்ந்த இடத்தில் செண்பகம் நினைப்பாகவே இருந்தது. அதை எழுதிவிட்டால் போய்விடுமா? அன்றைக்குக் காலை எட்டு மணிக்கு ஆபரேஷன் என்றார்கள். டாக்டருக்கு வேறு அவசரக் கேஸ் வந்து பன்னிரண்டு மணிக்குத் தள்ளினார்கள். அம்மா மாரியம்மன் கோயிலுக்குத் திருநீறு வாங்கப் போயிருந்தாள். கட்டிலில் செண்பகம், பக்கத்தில் ஸ்டூலில் நான். வேறு யாரும் இல்லை. அவளுக்கு வலி கொஞ்சம் விட்டிருந்தது. “அக்கா, வயிறு காயுதுக்கா” என்றாள். எனக்கென்று அம்மா வைத்துவிட்டுப் போன தூக்குச்சட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது.

சாம்பார் பொங்குகிறது, கூப்பிடுகிறார். போக வேண்டும்.

ஜூலை 21, திங்கள்

ஆஸ்பத்திரியில் சேர்ந்தாயிற்று. மூன்றாவது மாடி, ஜன்னல் ஓரக் கட்டில்.

மெட்டி கழலவில்லை. சோப்பு, எண்ணெய், நூல் எல்லாம் பார்த்தும் முடியாமல், நர்ஸ் ஒரு சின்ன அரத்தால் அறுத்தெடுத்தாள். தாலிச் சங்கிலியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். மதினி கொடுத்தனுப்பிய மஞ்சள் கயிற்றை மணிக்கட்டில் கட்டிக்கொள்ளச் சொன்னாள் நர்ஸ். அவர் சங்கிலியைக் கைக்குட்டையில் மடித்து, சட்டைப்பையில் வைத்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

நாலு மணிக்கு மயக்க மருந்து டாக்டர் வந்தார்கள். டாக்டர் வைதேகி. வாயைத் திறக்கச் சொன்னார்கள், கழுத்தை ஆட்டிப் பார்த்தார்கள். பிறகு, “உங்க குடும்பத்துல யாருக்காவது மயக்க மருந்துல பிரச்சினை வந்திருக்கா?” என்று கேட்டார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சொல்லிவிட்டார். “இவ தங்கச்சி டாக்டர். ஊசி ஒத்துக்காம டேபிள்லயே போயிருச்சு.”

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. என்ன மருந்து, என்ன ஆச்சு, காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று அடுக்கடுக்காகக் கேட்டார்கள். ஒன்றும் இல்லை, அந்த ஆஸ்பத்திரியே இப்போது இல்லை என்றேன்.

“சில பேருக்குச் சில மயக்க மருந்து ஒத்துக்காதும்மா. அது ரத்த சொந்தத்துல தொடரும். உங்களுக்கு இருக்கலாம், உங்க பொண்ணுக்கும் இருக்கலாம். நாளைக்கு அந்த மருந்தெல்லாம் தவிர்த்துட்டு வேற மாதிரி பண்ணிக்கிறேன். ஆனா பின்னாடி பொண்ணுக்கும் பரிசோதனை பண்ணிப் பார்க்கணும்.”

இலக்கியா ஜன்னல் பக்கம் நின்றிருந்தாள். டாக்டர் போன பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “அம்மா, அப்ப எனக்கும் பிரசவம் கிரசவம்னு மயக்கம் குடுத்தா செத்துருவேனாம்மா?”

“சும்மா இரு. அப்பிடியெல்லாம் இல்லை” என்றேன்.

“டாக்டரே சொல்றாங்கள்ல. உனக்கு எப்பிடித் தெரியும்?”

எனக்கு எப்படித் தெரியும். தண்ணி குடித்தேன். எட்டு மணிக்குச் சூப். அதோடு சரி. பக்கங்களைக் கிழிக்கவில்லை. காலையில் கிழித்துக்கொள்ளலாம்.

ஜூலை 22, செவ்வாய், காலை 9.30

பதினொரு மணிக்கு ஆபரேஷன். காலில் ரத்தம் கட்டாமல் இருக்க இறுக்கமான வெள்ளைக் காலுறை மாட்டிவிட்டார்கள்.

இலக்கியா ராத்திரி என்னோடு இருந்தாள். ஆறரை மணிக்கு இவர் அவளுக்கு டிபன் கொண்டுவந்தார். அவரே அவித்த இட்லி, அவரே வைத்த சாம்பார். நாலு மணிக்கே எழுந்திருப்பார்போல. முகத்தில் அவ்வளவு பெருமை. மூடியைத் திறந்து, “ராணி, உப்பு மட்டும் பாரேன்” என்றார். நான் கையை நீட்டினேன். உள்ளங்கையில் விட்டார். புளி தூக்கல். இன்னொரு தடவை விட்டார். “பெருங்காயம் மறந்துட்டீங்க” என்றேன். “அட ஆமா” என்று சிரித்தார். இலக்கியா குளித்துவிட்டு வந்து சாப்பிட்டாள்.

நர்ஸ் வந்து, “கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?” என்று கேட்டாள். “நேத்து ராத்திரி எட்டு மணிக்குச் சூப்” என்றேன். டிக் போட்டுக்கொண்டு போனாள்.

ருசி பார்த்ததுதானே? ருசி பார்ப்பது சாப்பாடு இல்லை. இல்லவே இல்லை. ஒரு வாய் என்பது சாப்பாடே இல்லை.

வண்டி கொண்டுவருகிறார்கள்.

அதே நாள், சாயங்காலம் 5 மணி

உயிரோடு இருக்கிறேன். வயிறும் முழுசாக இருக்கிறது.

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். தள்ளுவண்டியில் மல்லாக்கப் போட்டுத் தள்ளிக்கொண்டு போனார்கள். விளக்கு விளக்காகத் தலைக்கு மேலே போனது. இவரையும் இலக்கியாவையும் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். உள்ளே ஒரே குளிர். டாக்டர் வைதேகி பச்சைத் தொப்பியோடு குனிந்தார்கள். “காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடலைல்ல?”

“இல்...” என்று என் வாய் ஆரம்பித்துவிட்டது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நர்ஸ் இதே கேள்வியைத்தான் கேட்டாள். செண்பகம் என்னைப் பார்த்தாள். நான் “இல்லை” என்றேன். திட்டுவார்களே என்ற பயம், வேறொன்றுமில்லை. அம்மா வந்து அறைவாளே என்று. அவ்வளவு அற்பமான காரணம்.

அந்த வார்த்தையை இன்றைக்கு என்னால் முடிக்க முடியவில்லை. “டாக்டர், ருசி பாத்தேன்” என்றேன்.

“என்ன பாத்தீங்க?”

“சாம்பார். உப்பு இருக்கான்னு. உள்ளங்கையில ரெண்டு தடவை.”

அவர்கள் நிமிர்ந்தார்கள். “வேற?”

“வேற இல்லை டாக்டர்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. வேற?”

“...பாதி இட்லி. சாம்பார் உள்ள எறங்குதான்னு பாக்குறதுக்கு.”

பக்கத்திலிருந்த நர்ஸ் “ஐயோ” என்றாள். பெரிய டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். டாக்டர் வைதேகி மட்டும் திட்டவில்லை. என் தோளில் கையை வைத்து, “நல்லவேளை சொன்னீங்க. சொல்லாம இருந்திருந்தா இன்னைக்கு நான் அழுதிருப்பேன்” என்றார்கள். ஆபரேஷன் வியாழக்கிழமைக்குத் தள்ளிப்போனது. அவ்வளவுதான். சொன்னால் அவ்வளவுதான் என்று ஷர்மிளா சொன்னாளே, அது நிஜம். அன்றைக்கும் அவ்வளவோடுதான் முடிந்திருக்கும்.

வண்டியைத் திருப்பினார்கள். “கொஞ்சம் நில்லுங்க” என்றேன். “என் தங்கச்சிக்கு ஊசி ஒத்துக்காம இல்லை டாக்டர். நான் அவளுக்குச் சாப்பிடக் குடுத்தேன். ஒரு வாய். கேட்டப்ப இல்லைன்னுட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சுட்டேன்.” பிறகு என்ன பேசினேன் என்று தெரியவில்லை. மூக்கு ஒழுகியது ஞாபகம் இருக்கிறது.

டாக்டர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கேட்டார்கள். “அதுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன்மா. அதுவா இருக்க வாய்ப்பு அதிகம். ஊசி போட்டதும் வாந்தி எடுத்தாளா, தெரியுமா?”

“துணியெல்லாம் அதுதான் இருந்துச்சு. நான்தான் அலசினேன்” என்றேன்.

அவர்கள் தலையை ஆட்டினார்கள். மன்னிப்பு ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல அவர்கள் யார்? கோப்பில் ஒரு வரியை அடித்துவிட்டு வேறொன்று எழுதினார்கள். “அப்ப உங்க பொண்ணைப் பத்திக் கவலைப்பட வேண்டியதில்லைன்னு நினைக்கிறேன். ஆனாலும் ஒரு தடவை பார்த்துருவோம்.”

வெளியே வந்ததும் இரண்டு பேரிடமும் நானே சொன்னேன். டாக்டர் மூலமாகத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். இவர், “நான்தானடி உப்புப் பாக்கச் சொன்னேன், என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்” என்று தலையில் அடித்துக்கொண்டார். செண்பகம் விஷயத்தைச் சொன்னபோது முழுசாகக் கேட்டார். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். திரும்பி வந்து, “இத்தனை வருசம் இதை வச்சுக்கிட்டா எனக்குச் சோறு போட்ட?” என்றார். அதில் கோபம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

இலக்கியா அழுதுகொண்டே, “அப்ப எனக்கு ஒன்னும் ஆகாதுல்லம்மா?” என்றாள். சித்தியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினேழு வயதுப் பிள்ளை வேறு எதைக் கேட்கும்? “ஆகாதுடி தங்கம்” என்றேன். இந்தத் தடவை எனக்குத் தெரிந்துதான் சொன்னேன்.

ஜூலை 23, புதன்

மதினி போன் பண்ணினார்கள். “வியாழக்கிழமை நெறஞ்ச அமாவாசை ராணி, நல்ல நாளுதான். ஆத்தா பாத்துக்குவா.” எனக்குப் பயம் குறையவில்லை. ஆனால் இது வேறு பயம். படுத்தால் எழுந்திருப்போமா என்று எல்லோருக்கும் வருகிற பயம்.

நாளைக் காலை காக்கைக்குச் சோறு வைப்பார்கள். ஆடி அமாவாசை, செத்தவர்களுக்கு உரிய நாள். இவரைக் கூப்பிட்டு, “சோறு வேணாம். இட்லி வைங்க. சர்க்கரை தொட்டு” என்றேன். “எத்தனை?” என்றார். “மூணு.” ஏன் மூணு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஜூலை 24, வியாழன், காலை 7 மணி

பின்பக்கம் இதோடு முடிகிறது. கிழிக்கப்போவதில்லை. நோட்டை ஷர்மிளாவிடம் முழுசாகக் கொடுத்துவிடச் சொல்லி இலக்கியாவிடம் சொல்லியிருக்கிறேன். எட்டு மணிக்கு வண்டி வரும். இன்றைக்கு இவர் டிபன் எதையும் மாடிக்குக் கொண்டுவரவில்லை. கீழே மரத்தடியில் வைத்து இலக்கியாவுக்குக் கொடுத்திருக்கிறார்.

டாக்டரிடம் ஒரு வாய் என்று சொன்னேன். அது சரியில்லை. வாய்க்குள் போனது எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்றாள் அந்தப் பெண். முன்பக்கம் திருப்பி, அவள் போட்ட கோட்டுக்குள் எழுதிவிட்டேன்:

ஜூலை 8 முதல் 16 வரை, பள்ளி நாட்களில் மதியம் 12: ருசி பார்த்தது, தினம் ஒரு பிள்ளையின் சாப்பாடு.

ஜூலை 22, காலை 6.30: சாம்பார், உள்ளங்கையில் இரண்டு முறை. இட்லி, பாதி.

ஜூலை 24: ஒன்றுமில்லை. தண்ணீரும் இல்லை.

2003, ஆகஸ்ட் 11, காலை 10.15: இட்லி, மூன்று. சர்க்கரை தொட்டு. சாப்பிட்டது செண்பகம். ஊட்டிவிட்டது நான்.